ஒற்றுப்பிழையும் சாதிக் கண்ணும்

ஒரு துண்டுச்சீட்டு. 'நாலைக்கு வேலைக்கு வர மாட்டேன். அம்மாவுக்கு உடம்பு சறியில்லை' என்று எழுதியிருக்கிறது. எழுதியவர் சொல்ல வந்தது மொத்தமும் வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் படித்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறவர்களுக்கு இது போதாது. சீட்டில் எழுதாத இன்னொரு சேதியையும் அவர்கள் வாசித்துவிடுகிறார்கள். எழுதினவன் எந்தத் தெரு, அப்பனுக்கு என்ன வேலை, எத்தனாவதோடு நின்றான், உட்கார நாற்காலி போடலாமா கூடாதா, எல்லாம் ஒரு 'லை'யிலும் ஒரு 'ற'விலும் அவர்களுக்குத் தெரிந்துபோகிறது. சாதியை நேரடியாகக் கேட்பது நாகரிகமில்லை என்று ஆகிவிட்ட இடங்களில் கேட்காமலே தெரிந்துகொள்ள எத்தனையோ வழி வைத்திருக்கிறார்கள். சொந்த ஊரு எது, ஊருக்குள்ளே எந்தப் பக்கம், குலசாமி யாரு? அந்த வரிசையில் இதுவும் ஒன்று. என்ன, இதைச் செய்கிறவனுக்கு மொழிப்பற்றாளன் என்ற பட்டமும் சேர்த்துக் கிடைக்கிறது.

பிழை எங்கிருந்து வருகிறது? தமிழ்நாட்டில் பெரும்பாலோர் பேச்சில் இன்று ர-வுக்கும் ற-வுக்கும் வித்தியாசம் கிடையாது. அரையும் அறையும் ஒரே ஓசைதான். ந-வும் ன-வும் அப்படியே. எங்கள் தென்மாவட்டத்தில் 'வாளப்பளம்' என்போம். சென்னைக் குப்பத்தில் அதே பழம் 'பயம்' ஆகும். காதால் கேட்டு எழுதுகிறவனுக்கு எது எந்த ர என்று தெரிய வழியே இல்லை. திரும்பத் திரும்பக் கண்ணால் பார்த்துத்தான் பழகணும். பார்க்கிறதுக்கு வீட்டில் அச்சடித்த தாள் வேணுமே! நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது எங்கள் வீட்டில் இருந்த அச்செழுத்து இவ்வளவுதான்: ரேஷன் கார்டு, தீப்பெட்டி, கடைக்காரர் கொடுத்த தேதிக் காலண்டர், பருப்புப் பொட்டலம் கட்டி வந்த பேப்பர். அந்தப் பேப்பரை நீவிவிட்டுப் படிப்போம். கதை பாதியில் கிழிந்திருக்கும்.

2011 கணக்கெடுப்பில் தமிழகத்தில் எழுத்தறிவு 80 சதவீதம், பட்டியல் சாதியினரிடம் 73 சதவீதம். திண்ணைப் பள்ளிக்குள் நம்மை விடாத காலத்தையும் சேர்த்துப் பார்த்தால், பல குடும்பங்களில் பேனா பிடித்த முதல் தலைமுறை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அந்தக் கை எழுதின காகிதத்தில் ஏழு பிழை இருக்கிறது என்கிறார்கள். நான் கேட்கிறேன், ஏழுதானா?

இந்த எழுத்துமுறை ஒன்றும் தெய்வம் எழுதிக் கொடுத்ததில்லை. 'லை', 'னை', 'றா', 'ணா' என்று இன்று நாம் எழுதும் வடிவங்களைப் பெரியார் 1935இலேயே 'குடி அரசு' இதழில் அச்சிட ஆரம்பித்தார். அப்போது ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் அப்படி எழுதியிருந்தால் பிரம்படிதான் கிடைத்திருக்கும். 1978இல் எம்.ஜி.ஆர். அரசு ஆணை போட்டது. பிழை சரியாயிற்று, சரி பழசாயிற்று. யார் சொன்னால் எழுத்து மாறும், யார் எழுதினால் அது பிழையாகவே நிற்கும் என்பதைத்தான் நாம் பேச வேண்டியிருக்கிறது.

சில வருசத்துக்கு முன்னால் எங்கள் பக்கத்துச் சேரிக்காரர்கள் சுடுகாட்டுக்குப் பாதை கேட்டு மனு எழுதினார்கள். பிணத்தைத் தூக்கிக்கொண்டு வயல் வரப்பில் போகணும். நடவு நேரத்தில் வயல்காரன் மறிப்பான். எட்டாவது படித்த ஒரு தம்பிதான் எழுதினான். கீழே நாற்பது கையெழுத்து, பாதி கைநாட்டு. நானும் கூடப் போயிருந்தேன். மனுவை வாங்கின எழுத்தர் சத்தமாகப் படித்தார்: 'சுடுகாட்டுக்கு போர பாதை'. "ஏம்ப்பா, போருக்கா போறீங்க?" சுத்தி நின்றவர்கள் சிரித்தார்கள். சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டார், "நல்லா எழுதிட்டு வாங்க"ன்னு திருப்பிக் கொடுத்தார். அடுத்த மனு நாள் அடுத்த திங்கட்கிழமை. வெளியே மரத்தடியில் மனு எழுதுகிறவருக்கு ஒரு தொகை, பத்துப் பேருக்கு இன்னொரு நாள் கூலி, பஸ் செலவு வேறே. அந்த வட்டம் எதுவும் 'பாதை' என்ற சொல்லின் மேல் விழவில்லை. அதைத் தம்பி சரியாகத்தான் எழுதியிருந்தான்.

மனுவில் எழுத்துப்பிழை இருந்தால் வாங்கக் கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? புரியவில்லை என்றால் கேட்கலாம். புரிந்ததால்தானே சிரிப்பு வந்தது.

இனி அவர்கள் எழுதி நமக்குக் கொடுக்கிற காகிதங்களைப் பார்ப்போம். என் அக்கா மகள் கல்லூரியில் சேர்ந்தபோது உதவித்தொகைக்கு விண்ணப்பித்தாள். பள்ளிக்கூடச் சான்றிதழில் அவள் அப்பா பேரு 'கருப்பன்'. சாதிச் சான்றிதழில் 'கறுப்பன்'. இன்னொரு அட்டையில் 'கருப்பண்'. கருப்பு, கறுப்பு இரண்டுமே அகராதியில் இருக்கிற சொற்கள்தான் என்பதை விடுங்க. மூன்றையும் எழுதியவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதியவர்கள். என் மச்சான் ஒன்றைக்கூட எழுதவில்லை, அவருக்குக் கைநாட்டுத்தான். ஆனால் மூணு பேரும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க வேண்டியவர் அவர்! முத்திரைத்தாள், நோட்டரி, கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்து என்று அலைந்து முடிக்கையில் அந்த வருசத்துக் கெடு தாண்டிப்போச்சு. ஒரு மனுசனை மூணு அப்பனாக்கினவர்கள் யாருக்கும் சிவப்பு மை கிடையாது. அவர்கள் செய்தால் அது 'எழுத்தர் பிழை'. நாம் செய்தால் தற்குறித்தனம்.

நம் சாதிப் பெயர்களையே எப்படி எழுதி வைத்திருக்கிறார்கள்? பட்டியலைப் பிரித்துப் பாருங்கள்: பள்ளன், பறையன், சக்கிலியன், குடும்பன், பண்ணாடி. பல பெயர்களில் 'ன்'தான். அருந்ததியர், சாம்பவர் என்று சிலதில் மட்டும் 'ர்' வந்திருக்கிறது. ஆங்கிலப் பட்டியலில் பறையன் என்ற ஒரே பெயர் இரண்டு விதமான எழுத்துக்கூட்டலில் பக்கத்துப் பக்கத்திலே நிற்கிறது. ஏழு பெயர்களை ஒன்றாக்கித் தேவேந்திரகுல வேளாளர் என்று போட 2021இல் நாடாளுமன்றத்தில் சட்டமே நிறைவேற்ற வேண்டியிருந்தது. அந்தப் பெயர் மாற்றத்தின் அரசியல் தனியாகப் பேச வேண்டியது, இங்கே அதற்குள் போகவில்லை. அதில் 'ன்' போய் 'ர்' வந்ததை மட்டும் கவனியுங்கள். ஒரு எழுத்தின் கனம் எவ்வளவு என்று நமக்குப் பாடம் எடுக்கிறவர்களுக்கு இந்த 'ன்' ஒரு நாளும் உறுத்தியதில்லை.

சிரிப்போடு போகிற பிழையைவிட எனக்குப் பயமாயிருப்பது திருத்தம்தான். காவல்நிலையத்தில் நடக்கிறது அது. பாதிக்கப்பட்டவர் சொல்கிறார்: "டீக்கடையில அத்தன பேரு பாக்க என் சாதிப் பேரச் சொல்லி வஞ்சான்யா." வஞ்ச சொல்லையும் அப்படியே சொல்கிறார். எழுதுகிறவர் 'நல்ல தமிழில்' எழுதுகிறார்: 'வாய்த்தகராறில் தகாத வார்த்தைகளால் திட்டினார்'. இலக்கணம் சுத்தம், ஒற்று எல்லாம் அதனதன் இடத்தில். சாதி மட்டும் காணோம், டீக்கடையும் காணோம். 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் இழிவுபடுத்தினால் குற்றம் என்று இருக்கிறது. 2016இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவது தனிக் குற்றமாகவே சேர்க்கப்பட்டது. எந்த இடம், என்ன சொல் என்பதுதான் வழக்கின் உயிர். அந்த உயிரை எடுத்துவிட்டு உடம்பைக் கழுவிப் பொட்டு வைத்துக் கொடுக்கிறார்கள்.

இத்தனைக்கும் சட்டம் நம்மை எழுதிக்கொண்டு வா என்று சொல்லவில்லை. வாயால் சொன்னால் போதும். நிலையப் பொறுப்பதிகாரி எழுதி, சொன்னவருக்குப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். 1995 விதிகளில் 5ஆம் விதி அதுதான். படித்துக் காட்டினார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

தமிழ் தெரியாத பாமரத்தனத்தைப் புனிதப்படுத்துகிறேன் என்று நண்பர்கள் சிலர் சொல்லக்கூடும். 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தபோது கொச்சை என்று முகம் சுளித்த ஆட்களும் உண்டு. தமிழ் அழிகிறதே என்ற கவலை நிஜமானால் அதைக் கொஞ்சம் மேலேயும் திருப்புங்களேன். ஆங்கிலப் பள்ளியில் படித்த பணக்கார வீட்டுப் பிள்ளை "எனக்குத் தமிழ் எழுத வராது" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறது, பெற்றவர்களுக்கு அதில் பெருமை. செல்போனில் ஆங்கில எழுத்தில் தமிழை அடிக்கிறார்கள். அங்கே ல-வும் ள-வும் ஒரே எழுத்துக்குள் போய்விடுகின்றன, ஒற்று எங்கே மிகும் எங்கே மிகாது என்று ஒருத்தரும் கேட்பதில்லை. அது வசதி, வேகம், காலமாற்றம். அதே வாட்ஸ்அப்பில் துப்புரவு வேலை பார்க்கும் அக்கா தமிழ் எழுத்தைத் தேடித் தேடித் தொட்டு 'நன்ரி சார்' என்று அனுப்பினால், அதைப் படம் பிடித்து நாலு பேருக்கு அனுப்பிச் சிரிப்பது. இருவரில் தமிழை எழுத்தால் காப்பாற்றிக்கொண்டிருப்பவர் யார் என்று இந்தப் பற்றாளர்கள் சொல்லட்டும்.

எழுத்தைப் பிழையில்லாமல் கற்றுக்கொள்வதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. 1893இல் 'பறையன்' இதழை நடத்திய இரட்டைமலை சீனிவாசனும், 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கிய அயோத்திதாசரும் எழுத்தைக் கையில் எடுத்தவர்கள்தான். நம் பிள்ளைகளுக்கு அந்தக் கருவி வேண்டும், மழுங்காமல் வேண்டும். ஆனால் கற்று முடிக்கிற வரைக்கும் வாயை மூடிக்கொண்டிருக்கணும் என்று யாராவது சொன்னால் அதை ஏற்க முடியாது. எங்கள் ஊர் மாலைப் பள்ளியில் இப்போது ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். யாராவது மனு எழுதிக்கொண்டு வந்தால் அப்படியே நகல் எடுத்துத் தபாலில் அன்றைக்கே அனுப்பிவிடுவது, ஒப்புகைச் சீட்டை எழுதியவரிடமே கொடுத்துவிடுவது. ர, ற பாடம் அதற்கு அப்புறம், கையில் இருக்கிற நகலை வைத்து. காவல்நிலையத்துக்குப் போகிறவர்களோடு வாசிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை கட்டாயம் போகிறது. எழுதினதை அது ஒருமுறை வாய்விட்டுப் படிக்கும். சொன்ன சொல் அதில் இல்லையென்றால் பெருவிரல் மைப்பெட்டிக்குப் போகாது.