வீட்டு எண்ணும் வகுப்பு எண்ணும்

தொடக்கப்பள்ளியின் முதல் இரண்டு வகுப்புகளில் குழந்தைகள் கற்பவற்றுள் மிகப் பெரியது எது என்று வினவினால், பெற்றோர் பலர் வாய்பாடு என்பர். சிலர் கூட்டலும் கழித்தலும் என்பர். இவற்றுக்கெல்லாம் முன்னே கற்க வேண்டியது ஒன்று உண்டு. ஓர் இலக்கம் நிற்கும் இடத்தைப் பொறுத்து அதன் மதிப்பு மாறும் என்னும் அறிவே அது. 47 என்பதில் உள்ள 4 என்னும் இலக்கம் நாற்பதைக் குறிக்கிறது. இதனை உணர்ந்துகொள்ளக் குழந்தை எத்துணைப் பாடுபடுகிறது என்பதைப் பெரியோர் மறந்துவிடுகின்றனர்.

இடமதிப்பைக் கற்பிக்க ஆசிரியர்கள் குச்சிகளைப் பயன்படுத்துவர். பத்துப் பத்தாகக் குச்சிகளை ரப்பர் பட்டையால் கட்டி, நான்கு கட்டுகளையும் ஏழு உதிரிக் குச்சிகளையும் மேசைமேல் வைப்பர். இந்தி வழங்கும் ஊர்களில் அவற்றைச் சுட்டி, 'சைந்தாலீஸ்' என்பர். அச்சொல்லில் ஏழைக் குறிக்கும் பகுதி முன்னும், நாற்பதைக் குறிக்கும் பகுதி பின்னும், இரண்டும் உருத்திரிந்து நிற்கின்றன. கேட்ட குழந்தை 74 என எழுதிவிடக்கூடும். ஆங்கிலத்தில் 'ஃபார்ட்டி செவன்' என்பது குச்சிகளின் வரிசையோடு ஒத்துப்போகிறது. ஆனால் 'செவன்டீன்' என்றதும் ஏழு முன்னே வந்துவிடுகிறது. 17 எழுத வேண்டிய கை 71 எழுதுகிறது. தமிழில் 'நாற்பத்தேழு' என்றால் முதலில் நான்கு கட்டுகள், பின்னர் ஏழு குச்சிகள். 'பதினேழு' என்றாலும் முதலில் ஒரு கட்டு, பின்னரே ஏழு. கண்ணுக்குத் தெரியும் வரிசையும் காதில் விழும் வரிசையும் எழுதும் வரிசையும் ஒன்றாகவே அமைகின்றன.

தமிழில் நூறு வரை எண்ணுவதற்கு அடிப்படையாக வேண்டியவை 19 சொற்களே: ஒன்று முதல் பத்து வரை பத்து, இருபது முதல் தொண்ணூறு வரை எட்டு, பின்னர் நூறு. எஞ்சியவற்றை இவற்றைச் சேர்த்துக் குழந்தையே ஆக்கிக்கொள்ளலாம். இந்தியில் அவ்வாறு ஆக்கிக்கொள்வது எளிதன்று. நூறு வரையுள்ள பெயர்களை ஏறத்தாழ ஒவ்வொன்றாக மனத்தில் இருத்த வேண்டும். 35 'பைன்தீஸ்', 45 'பைன்தாலீஸ்', 65 'பைன்ஸட்'. 29 என்பதற்குரிய 'உன்தீஸ்' முப்பதுக்கு ஒன்று குறைவு என்னும் பொருளுடையது. 39, 49 முதலியனவும் அடுத்த பத்திலிருந்து ஒன்றைக் குறைத்தே பெயர் பெறுகின்றன. 79-க்குரிய 'உனாஸி'யும் அவ்வாறே. ஆனால் 89 'நவாஸி' எனவும் 99 'நின்யானவே' எனவும் வேறு வழியில் செல்கின்றன. இந்தியைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளே உனாஸிக்கும் நவாஸிக்கும் இடையே தடுமாறுவதுண்டு. காலையில் வீட்டில் 'எழுபத்தொன்பது' கேட்டு, பகலில் வகுப்பில் 'உனாஸி' கேட்கும் தமிழ்க் குழந்தை தடுமாறுவதில் வியப்பு என்ன?

தமிழும் குறையற்றதன்று. ஒன்பதின் அருகில் வந்ததும் அது வழுக்குகிறது. எண்பதுக்குப் பின் 'ஒன்பது பத்து' என்ற முறையில் ஒரு சொல் வர வேண்டியிருக்க, 'தொண்ணூறு' வருகிறது. அதனுள் நூறு ஒளிந்திருக்கிறது. எண்ணூறுக்குப் பின் 'தொள்ளாயிரம்' வருகிறது. அதனுள் ஆயிரம் இருக்கிறது. தொல்காப்பியமே இவற்றுக்குத் தனி விதி வகுத்திருப்பதால், இச்சிக்கல் மிகப் பழையது என்பது விளங்கும். தொண்ணூற்றைந்தை 905 என எழுதும் சிறுவனைக் கடிந்து பயனில்லை. அந்த இடத்தை மட்டும் ஆசிரியர் நிறுத்தி விளக்கினால் போதும்.

வகுப்பறையில் நேரும் தீங்கு இங்குதான் தொடங்குகிறது. ஆசிரியர் கேட்டவுடன் 'உனாஸி'யை எழுதத் தெரியாத குழந்தை, கணக்கில் பின்தங்கியது எனக் குறிக்கப்படுகிறது. அதற்குத் தெரியாதது ஒரு பெயர்தான். ஏழு கட்டுகளும் ஒன்பது குச்சிகளும் கொடுத்தால் அது சரியாக எண்ணிவிடும். ஆயினும் 'கணக்கு வராது' என்னும் சொல் வகுப்பிலிருந்து வீட்டுக்கு வருகிறது; பெற்றோர் அதை நம்புகின்றனர்; பின்னர் குழந்தையும் நம்புகிறது. ஏழு வயதில் ஒட்டிய அந்தச் சொல்லை உரித்தெடுப்பது கடினம். பெயர் தெரியாமையையும் கணக்குத் தெரியாமையையும் பிரித்தறியாத வகுப்பறை, வேற்று மாநிலத்திலிருந்து வந்த குழந்தைகள் அனைவருக்கும் அநீதி செய்கிறது. கன்னடம், மலையாளம் பேசும் வீட்டுக் குழந்தைகளின் நிலையும் இதுவே. அம்மொழிகளிலும் பத்தைச் சொல்லிய பின்னரே ஒன்றைச் சொல்லும் வழக்கம் உண்டு.

ஆகவே தொடக்க வகுப்புகளில் குச்சிகளைக் கட்டும்போது ஒவ்வொரு குழந்தையும் தன் வீட்டு மொழியில் எண்ண இடம் தர வேண்டும். நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஆறேழு மொழிகள் இருந்தால் ஆசிரியர் என் செய்வார் என்று கேட்பர். கேள்வி நியாயமானதே. ஆனால் அத்தனை மொழிகளையும் அவர் அறிந்திருக்க வேண்டியதில்லை. கட்டுகளும் குச்சிகளும் எல்லார் கண்முன்னும் இருக்கின்றன. எழுதிய இலக்கமும் எல்லார்க்கும் பொது. வாய் எம்மொழியில் எண்ணினாலும் விடை சரியா தவறா என்பதைப் பலகையைப் பார்த்தே சொல்லிவிடலாம். 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும், இயன்ற இடங்களில் ஐந்தாம் வகுப்பு வரையிலேனும் வீட்டு மொழியில் கற்பிக்க வேண்டும் என்கிறது. பல மொழியினர் கலந்து பயிலும் வகுப்பில் அதனை முழுமையாக நிறைவேற்றுவது அரிது. எண்ணும் நேரத்திலேனும் நிறைவேற்றலாம்.

இரு மொழிகளில் எண்ணினால் குழந்தை குழம்பிவிடும் என்பது மற்றோர் அச்சம். எண்ணின் பெயர் வரிசை மாறினால் மக்கள் பழகிக்கொள்வர் என்பதற்கு நார்வே நாடு சான்று. அங்கு 'ஒன்றும் இருபதும்' என்று சொல்லிவந்ததை, 1951-இல் 'இருபத்தொன்று' என்னும் முறைக்கு அரசு மாற்றியது. தொலைபேசி எண்களைக் கேட்டு எழுதுவதில் நேர்ந்த பிழைகள் அதற்கு ஒரு காரணம். பழைய வழக்கும் பேச்சில் நெடுங்காலம் உடன் வாழ்ந்தது. இந்தி எண்களைக் கற்க வேண்டாம் என்பது இங்குக் கருத்தன்று. காய்கறிக் கடையிலும் பேருந்திலும் 'டேட் ஸௌ' என்றால் நூற்றைம்பது என்பது தெரியாவிட்டால் சில்லறை குறையும். இடமதிப்பு ஒரு மொழியில் உறுதியாக விளங்கிய பின்னர், பிற மொழியின் பெயர்களைக் கற்பது எளிது.

பள்ளியை மட்டும் குறைகூறுவதும் சரியன்று. தமிழகத்துக்கு வெளியே வாழும் வீடுகளில் முதலில் மறைவன எண்ணுப் பெயர்களே. உணவின் பெயரும் உறவின் பெயரும் தமிழில் நிலைத்திருக்க, விலையும் நேரமும் கைப்பேசி எண்ணும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகின்றன. அரிசியைப் படியால் அளக்கும்போதும் மாடிப்படி ஏறும்போதும் பாட்டி ஒன்று, இரண்டு என எண்ணுவது குழந்தையின் காதில் விழுந்தால், அதுவே முதற்பாடம். தமிழ்ப் பயிற்சி நூல்களும் எண்ணுப் பெயர்களை ஒரு பக்கத்தில் பட்டியலாகத் தந்துவிட்டு அடுத்த பாடத்துக்குச் செல்கின்றன. அப்பக்கத்தில் குச்சிக்கட்டுகளின் படமும் வேண்டும். 79 என்னும் எண்ணுக்கு எதிரே 'எழுபத்தொன்பது', 'உனாஸி', 'செவன்டி நைன்' ஆகிய மூன்றும் வேண்டும். நான்காவது கட்டம் வெற்றாக இருக்க வேண்டும். அதில் பக்கத்து இருக்கைத் தோழனின் மொழியில் அவ்வெண்ணின் பெயரைக் கேட்டு எழுதலாம்.