சாப்ட்வேர் வாங்க ஒரே கை! அமெரிக்க தரகு கம்பெனிகள் வயிற்றில் புளி

அமெரிக்க சர்க்கார் ஆபீசுகளுக்கு கம்ப்யூட்டர் சாப்ட்வேர் விற்று வரும் தரகு கம்பெனிகள் கலக்கத்தில் உள்ளன.

அங்கே ஒவ்வொரு இலாகாவும் தனித்தனியாக சாப்ட்வேர் வாங்கி வந்தது. சரக்கு ஒன்றுதான். ஆனால் இந்த இலாகாவுக்கு ஒரு விலை, பக்கத்து இலாகாவுக்கு இன்னொரு விலை! நடுவில் நிற்கும் தரகு கம்பெனி தன் லாபத்தையும் சேர்த்து பில் போடும்.

டிரம்ப் உத்தரவு

20-3-2025 அன்று ஜனாதிபதி டிரம்ப் ஒரு உத்தரவு போட்டார். எல்லா இலாகாவுக்கும் பொதுவான சரக்குகளை "ஜி.எஸ்.ஏ." என்ற ஒரே இலாகா மூலம் வாங்க வேண்டும் என்பதே அது. இந்த வகைச் செலவு ஆண்டுக்கு சுமார் 49 ஆயிரம் கோடி டாலர் என்று உத்தரவிலேயே கூறப்பட்டு உள்ளது.

அடுத்த மாதமே "ஒன்கவ்" திட்டம் வந்தது. தயாரிக்கும் கம்பெனியிடமே நேரடி பேரம்!

தள்ளுபடி மழை

கூகுள் தன் ஆபீஸ் சாப்ட்வேருக்கு 71 சதவீதம் தள்ளுபடி கொடுத்தது. ஆரக்கிள் சில சரக்குகளுக்கு 75 சதவீதம் குறைத்தது. ஓபன் ஏ.ஐ. கம்பெனி ஒரு இலாகாவுக்கு வருஷத்துக்கு 1 டாலர் போதும் என்றது. மைக்ரோசாப்ட் ஒப்பந்தத்தால் முதல் வருஷமே 300 கோடி டாலர் மிச்சமாகும் என்று ஜி.எஸ்.ஏ. கணக்கு சொன்னது.

தரகு கம்பெனிகளையும் விடவில்லை. "எவ்வளவு லாபம் வைக்கிறீர்கள்? கணக்கு காட்டுங்கள்" என்று 2025லேயே கடிதம் போனது.

சின்ன கம்பெனி கதி?

தரகர் சும்மா கமிஷன் வாங்குகிறவர் இல்லை. விலைப்புள்ளி, பில், சர்க்கார் பேப்பர் வேலை எல்லாம் அவர் தலையில். சர்க்காரில் நேராக நுழைய முடியாத சின்ன சாப்ட்வேர் கம்பெனிகள் அவரைப் பிடித்துத்தான் சரக்கை விற்கின்றன.

சர்க்கார் ஒப்பந்தப் பணத்தில் 23 சதவீதம் சிறு தொழில்களுக்குப் போக வேண்டும் என்ற இலக்கு அங்கே உண்டு. பெரிய கம்பெனியோடு நேர் பேரம் பெருகினால் அந்தப் பங்கில் கை வைப்பதாகிவிடும்.

தள்ளுபடி தீர்ந்தால்?

மொத்தமா வாங்கினா விலை குறையும். மளிகைக் கடைக்காரருக்கும் தெரிந்த கணக்கு இது. சர்க்கார் பணம் மிச்சமாவதும் நல்லதுதான்.

ஆனால் இந்த தள்ளுபடிகள் கெடு வைத்து வந்தவை. கூகுள் முதலில் வைத்த கெடு 2025 செப்டம்பர் 30. ஓபன் ஏ.ஐ.க்கு ஒரு வருஷம்.

அதற்குள் பைல்கள் எல்லாம் அந்த சாப்ட்வேரில் ஏறிவிடும். ஊழியர்கள் கையும் அதிலேயே பழகிவிடும். பிறகு விலை ஏறினால் வேறு கடைக்குப் போவது லேசான காரியம் இல்லை. சின்ன கம்பெனிகள் அதற்குள் கடையைக் கட்டியிருந்தால், போகிறதுக்கு வேறு கடையும் இருக்காது!