உதிரிப்பாகமும் படைக்கலமே

படைக்கலம் விற்பது தீதென ஒப்புக்கொள்வோருட் பலர், உதிரிப்பாகம் விற்பதை வெறும் வணிகமென்றே கொள்வர். விற்ற வண்டியைப் பழுதுபார்க்க உதவுதல் விற்றவனின் கடமை. அவ்வண்டி எத்தெருவில் எவர்மீது ஓடுகின்றது என்பது அவன் கேட்கவேண்டிய வினாவன்று என்பது அவர்தம் வாதம். இவ்வாதத்தின் போலித்தன்மையைத் தென்னாபிரிக்க நிறவெறி அரசின் கவச வாகனங்கள் தெளிவாகக் காட்டுகின்றன.

1960 மார்ச் 21 இல் ஷார்ப்வில்லில் கறுப்பின மக்கள் குறைந்தது 69 பேர் சுட்டுக்கொல்லப்பட்டனர். அன்று பொலிசாருக்குத் துணைநின்றவை, இங்கிலாந்தின் கொவென்றி நகரில் அல்விஸ் நிறுவனம் உருவாக்கிய சரசன் வண்டிகள். ஆறு சில்லுகளும் ரோல்ஸ் ரோய்ஸ் பெற்றோல் இயந்திரமும் கொண்டவை அவை. இத்தகைய வண்டியில் விரைந்து தேய்வது கவசமன்று; பற்சில்லுகளும் பிறேக்குகளும் ரயர்களுமே தேய்வன. அவை வாராதொழியின் எஃகுக் கூடு நின்ற இடத்திலேயே துருவேறும். எனவே கவச வாகனம் ஒருமுறை மட்டும் விற்கப்படும் பொருளன்று. உதிரிப்பாகம் அனுப்பப்படுந்தோறும் அது மீண்டும் விற்கப்படுகின்றது.

ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை இதனை அறியாததன்று. 1963 ஓகஸ்டில் ஆயுதங்களையும் இராணுவ வாகனங்களையும் தென்னாபிரிக்காவுக்கு விற்கவேண்டாமெனக் கேட்ட சபை, அதே ஆண்டு டிசம்பரில் அவற்றின் உற்பத்திக்கும் பராமரிப்புக்குமான பொருள்களையும் நிறுத்துமாறு கேட்டது. ஆனால் அவை வேண்டுகோள்களேயன்றிக் கட்டளைகளல்ல. பிரித்தானியா 1964 இல் விற்பனைக்குத் தடைவிதித்தபோதும் பிரான்சு தொடர்ந்து விற்றது. பிரெஞ்சு நிறுவனமான பனாரின் இலகு கவச வண்டி, உரிமம் பெற்றுத் தென்னாபிரிக்காவிலேயே ‘ஈலண்ட்’ என்னும் பெயரில் உற்பத்தியாயிற்று. தொடக்கத்திற் பிரெஞ்சுப் பாகங்களே அதற்கு உயிரளித்தன. பின்னர் பனார் இயந்திரத்தின் இடத்தை, சாதாரண மோட்டார்க் கார்களிற் பொருத்தப்பட்ட ஜெனரல் மோட்டர்ஸ் நான்கு உருளை இயந்திரம் பெற்றது. 1975 இல் அவ்வண்டிகள் அங்கோலாவினுட் புகுந்தன.

1977 நவம்பர் 4 இல் நிறைவேறிய 418 ஆம் தீர்மானமே தடையைக் கட்டாயமாக்கியது. உதிரிப்பாகங்களையும் பெயர்சுட்டி விலக்கியது. ஆயினும் ஏற்கெனவே வழங்கப்பட்ட உற்பத்தி உரிமங்களை முடிவுறுத்தும் நோக்குடன் மீளாய்வு செய்யுமாறு மட்டுமே அது கோரியது. பதினான்கு ஆண்டுத் தயக்கத்தில், வாங்கியவன் செய்யவே கற்றுவிட்டான். வெள்ளம் வந்தபின் அணை கட்டியதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

“நாம் விற்காவிடின் பிறர் விற்பர்” என்பர். உண்மைதான், பிறர் விற்றனர். ஆனால் அது அனைவரையும் பிணிக்கும் விதி வேண்டுமென்பதற்கு நியாயமாகுமேயன்றி, எவர் குற்றத்தையும் கழுவும் நீராகாது.

பொறியியல் பயிலும் மாணவர்க்கு இதிலே தனிப்பாடம் உண்டு. பற்சில்லுக்குப் பகையுமில்லை, இனமுமில்லை. அதனை வரைபவனுக்கும் வார்ப்பவனுக்கும் பொதிசெய்து அனுப்புபவனுக்கும் அவ்வாறு சொல்லித் தப்பும் உரிமை இல்லை. பொருள் சென்றுசேரும் இடத்தைக் கேட்பதும் தொழிலறிவின் ஒரு பகுதியே.