மாலைக்கு மட்டுமா மலர்?

மலரோடு தமிழர் கொண்ட உறவு நெடியது. வாழும் நிலத்திற்கும் பூவின் பெயர் இட்டனர். பொரும் போருக்கும் பூவின் பெயரே இட்டனர். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 மலர்களை வரிசைப்படுத்தும் பகுதியை நடத்தும்போதெல்லாம் மாணவர் வியப்பர். அவ்வியப்போடு பாடம் முடிந்துவிடுகிறது. ஆனால் வகுப்பறையை விட்டு வெளியே வந்தால், மலரை விளைவித்தவர் விலை கிட்டாமல் அதனைச் சாலையோரம் கொட்டிச் செல்லும் காட்சியும் நம் கண்ணில் படுகிறது. அதைப் பற்றி நாம் பேசுவதில்லை. இக்கட்டுரை அதைப் பற்றியது.

மேற்கு மலைச்சாரலில் இராமநதியும் சம்புநதியும் நனைக்கும் கடையம் வட்டாரத்திலும், கீழப்பாவூர், பாவூர்சத்திரம் பக்கங்களிலும் பூச்சாகுபடி பலருக்குப் பிழைப்பு. அவற்றுள் ஒன்று செண்டுமல்லி. நம் பக்கத்தில் அதற்குக் கேந்தி என்று பெயர். 'துலுக்கச் சாமந்தி' என்று வழங்குவாரும் உளர். மெக்சிக்கோ நாட்டுச் செடி, ஐரோப்பியக் கப்பலேறி இந்தியா வந்து, துலுக்கச் சாமந்தி எனப் பெயர் பூண்டு, இந்துக் கோயில்களில் மாலையாகத் தொங்குகிறது! நம் மண்ணில் எதுவும் ஒருவருக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

கேந்தி ஒருபருவச் செடி. விதைத்து ஒரு மாதத்தில் நாற்றைப் பிடுங்கி நடலாம். நட்ட இரண்டு மாதங்களில் பூக்கும். ஓணத்திற்குச் செங்கோட்டை வழியாகக் கேரளம் செல்லும்போதும், ஆயுத பூசையின்போதும் அதற்கு மதிப்புண்டு. பண்டிகை கழிந்த மறுநாள் விலை வீழ்கிறது. பறிகூலிக்கும் காணாது என்று செடியிலேயே விட்டுவிடுவோர் உண்டு. மணத்திற்காகவும் மாலைக்காகவும் மட்டுமே பூவை மதிக்கும் சந்தையில் வாடிய பூவுக்கு இடமில்லை. ஆனால் வாடிய பின்னும் பூவில் எஞ்சி நிற்கும் பொருள் ஒன்றுண்டு. அது நிறம்.

நிறத்திற்கு விலையுண்டு என்பதைப் பெருவணிகர் நன்கறிவர். சத்தியமங்கலம் பகுதியில் ஒப்பந்த முறையில் செண்டுமல்லி பயிரிடப்பெறுவது மாலைக்கன்று. அதிலுள்ள மஞ்சள் நிறப்பொருளைப் பிரித்தெடுப்பதற்கு. அது கோழித் தீவனத்தில் சேர்ந்து முட்டைக் கருவை மஞ்சளாக்குகிறது. மும்பையில் சித்தி விநாயகர் கோயிலில் சார்த்தப்பெற்ற மலர்களைப் பெற்றுத் துணிக்குச் சாயமேற்றும் பட்டறையும் நடந்துள்ளது. கோழி முட்டைக்கும் மும்பைத் துணிக்கும் ஏறும் நிறம், நம் கைத்தறி நூலுக்கு ஏறாதோ?

சாயம் கண்ட கைகள்

என் தந்தையார் கைத்தறி நெசவாளர். நூலுக்குச் சாயம் தோய்த்த நாள்களில் அவர்தம் விரல்கள் நீலமாயிருக்கும். பெருநாள் தொழுகை முடிந்து என்னைத் தழுவிய கைகளிலும் அந்நீலம் இருந்தது. அஃது அவுரிச் செடி தந்த நீலமன்று. டப்பாவில் வந்த பொடியின் நீலம். சாயம் கழுவிய நீர் வாய்க்காலில் ஓடியது. அதே வாய்க்காலில் நாங்கள் குளித்தோம். அதில் தவறுண்டு என்று அன்று எவரும் எண்ணவில்லை.

1856ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வில்லியம் பெர்க்கின் என்னும் இளைஞர் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டார். 1897இல் செருமானியச் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. அதன்பின் அவுரி வயல்கள் சுருங்கின. சாயவேர் தோண்டியோர் வேறு தொழில் தேடினர். பத்தமடையில் இலெப்பை முஸ்லிம் குடும்பத்தினர் நெய்யும் கோரைப்பாய்க்குச் சிவப்பூட்டிய சப்பங்கக் கட்டையின் இடத்தையும் பொடிச்சாயம் பிடித்துக்கொண்டது. அதன் விலையை நாம் பின்னரே அறிந்தோம். நொய்யலின் குறுக்கே 1992இல் கட்டப்பெற்ற ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்திற்கென எழுந்து, திருப்பூர்ச் சாயக் கழிவின் தேக்கமாயிற்று. 2011 சனவரியில் உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிடும் அளவுக்கு நிலைமை முற்றியது.

செய்முறையும் வரம்பும்

கேந்திச் சாயம் அரிய கலையன்று. இதழ்களை நிழலில் உலர்த்தி, நீரிலிட்டுக் காய்ச்சி வடித்தால் சாயநீர் கிடைக்கும். பருத்தி நூல் எளிதில் நிறம் பற்றாது. ஆதலின் முதலில் கடுக்காய் நீரிலும், பின்னர்ப் படிகார நீரிலும் நனைத்தெடுத்தல் வேண்டும். பிறகு சாயநீரில் தோய்த்தால் பொன்மஞ்சள் ஏறும். சிறிது அன்னபேதி சேர்த்தால் அம்மஞ்சள் பாசிப் பச்சையாகும். அவுரி நீலத்தில் தோய்த்தால் இலைப் பச்சையாகும். கரிசல் நிலத்தில் விளையும் செந்துருக்கம் என்னும் குசும்பாப்பூ இன்னும் விந்தையானது. அதன் மஞ்சளை நீர் விட்டு அலசிய பின், காரநீரில் செந்நிறம் பிரியும். புளிப்புச் சேர்த்தால் அது நூலில் படியும்.

குறைகளையும் மறைத்தல் ஆகாது. பத்துக் கிலோ பூ உலர்ந்தால் ஒரு கிலோ அளவே தேறும். கேந்தியின் நிறம் மஞ்சட்கிழங்கின் நிறத்தைவிட வெயிலைத் தாங்கும். எனினும் நல்ல செயற்கைச் சாயத்திற்கு ஈடாகாது. குசும்பாச் சிவப்போ வெயிலில் விரைவில் வெளிறும். ஊருக்கெல்லாம் உடுத்தும் துணியைப் பூவால் தோய்த்துவிட இயலாது. 'இயற்கைச் சாயம்' என்று பெயரிட்டுக் குரோமிய உப்பைக் கலப்பாரேல் அது வெறும் ஏமாற்று. நெல் விளையும் வயலைச் சாயப்பூவுக்கு மாற்றுக என்று நான் கூறவில்லை. ஏற்கெனவே விளைந்து, விலையின்றி வீழும் பூவை வீணாக்கற்க என்பதே என் வேண்டுகோள்.

நாம் செய்யத்தக்கது

கடையநல்லூரிலும் மேலப்பாளையத்திலும் தறியோசை கேட்டு வளர்ந்த தலைமுறை முதுமை எய்திவிட்டது. பிள்ளைகள் பிழைப்புத் தேடிக் கடல் கடந்தனர். அதில் குறை காண இயலாது. ஆயினும் எஞ்சியிருக்கும் தறிகள் விசைத்தறியோடு விலையில் போட்டியிட்டு வெல்லா. வேறெங்கும் கிடைக்காத ஒன்றைத் தந்தாலன்றி அவற்றுக்கு வாழ்வில்லை. கேந்தி வயலும் கைத்தறியும் அருகருகே இருந்தும் ஒன்றையொன்று அறியாமல் நலிகின்றன. அவற்றை அறிமுகப்படுத்தும் பணியை ஒரு கல்லூரி செய்யலாகாதா?

கல்லூரி வளாகத்தில் 5 சென்ட் நிலம் போதும். தாவரவியல் துறை கேந்தியும் குசும்பாவும் வளர்க்கட்டும். வேதியியல் துறை எந்த நிறம் எத்தனை சலவைக்கு நிற்கும் என அளந்து உண்மையை எழுதி வைக்கட்டும். தமிழ்த்துறை மாணவர் நெசவாளர் தெருக்களுக்குச் சென்று, முதியோர் நாவில் இன்னும் வாழும் சாயத் தொழிற்சொற்களைத் திரட்டட்டும். அச்சொற்கள் அகராதி ஏறுமுன் அடக்கமாகிவிடும் அச்சம் எனக்குண்டு. சமுதாயப் பெரியோர் தம் இல்லத் திருமணங்களுக்கு இத்துணியில் சிலவற்றை வாங்கினாலே முதல் சந்தை உருவாகும். அதன் விலையை நிர்ணயிப்பவர் இடைத்தரகராயிராமல், பூ விளைத்தவரும் நூல் நெய்தவருமாய் இருத்தல் வேண்டும்.

என் தந்தையாரின் விரல்களில் இருந்த நீலத்தைக் கண்டு நான் சிறுவயதில் வெட்கியதுண்டு. இன்று அதற்காகவே வெட்குகிறேன். நாளை ஒரு நெசவாளரின் பிள்ளை, தந்தையின் கையிலுள்ள மஞ்சளைக் கண்டு, 'இது எங்கள் ஊர்ப் பூவின் நிறம்' என்று சொல்லும் நாள் வரவேண்டும். அதற்கு இவ்வாண்டே, இவ்வளாகத்திலேயே ஒரு பாத்தி கட்டுவோம்.