மரநாயை ஓட்டாதீங்க, ஓட்டையை அடைங்க

எங்க குந்தாரப்பள்ளியில எதுக்கும் மூணு மொழியில பேர் உண்டு. வெள்ளிக்கிழமை சந்தைக்கு வந்து கொஞ்ச நேரம் நின்னு பாருங்க, ஒரே ஆட்டுக்கு தமிழில் விலை ஆரம்பிச்சு, தெலுங்கில் ஏறி, கன்னடத்தில் படியும். ராத்திரி கூரை மேல தடதடன்னு ஓடுற ஒரு பிராணிக்கும் அப்படித்தான். தெலுங்குக்காரங்க மானுபில்லிங்கறாங்க, அதாவது மரப்பூனை. கன்னடக்காரங்க புனுகு பெக்குங்கறாங்க, அதுவும் பூனைதான். தமிழ்க்காரங்க நாம மட்டும் மரநாய்னு சொல்லிட்டோம் :-)

உண்மையில் அது ரெண்டும் இல்லை. புனுகுப்பூனைக் குடும்பம். நாயை விட பூனைக்குக் கிட்டத்து சொந்தம். நம்மூர்ல தரையில் திரியுற சின்னப் புனுகுப்பூனை வேற. கூரையில் குடியேறுறது மரம் ஏறுற இந்த மரநாய். எடை ரெண்டிலிருந்து அஞ்சு கிலோ வரைக்கும் இருக்கும். கருஞ்சாம்பல் உடம்பு, உடம்பு நீளத்துக்கு வால். பகலெல்லாம் தூக்கம், ராத்திரி வேலை. சிப்காட்ல நிரந்தர நைட் ஷிப்ட் பாக்குற ஆள் மாதிரி.

இப்ப எதுக்கு இந்தப் பதிவுன்னா, மாம்பழ சீசன் வந்தா தெருவுக்கு ரெண்டு வீட்டிலாவது இதே புலம்பல். ஃபால்ஸ் சீலிங்கில் மஞ்சளா கறை, ஓட்டு இடுக்கிலிருந்து நாத்தம், பாதி ராத்திரியில யாரோ நடக்குற சத்தம். ஒரு வீட்டில் பேய்னு முடிவு பண்ணி எலுமிச்சம்பழம் எல்லாம் கட்டிட்டாங்க. படிச்ச பசங்க நெட்டில் தேடுறாங்க. அங்க வந்து விழுறது பூரா அமெரிக்காக்காரன் ஸ்கங்க்கை வீட்டை விட்டு வெளியேத்துற கதை. கறுப்பு உடம்புல வெள்ளைக் கோடு போட்ட அந்தப் பிராணி நம்ம நாட்டிலேயே கிடையாது. அது படிக்கட்டுக்கு அடியில், மரத்தளத்துக்கு அடியில் வளை போடுற ஜாதி. நம்மது மேல் மாடிக்காரர்.

ஆனா அந்தக் கதைகளை அப்படியே தள்ளிடவும் வேண்டாம். ரெண்டு பேருக்கும் வாலுக்குக் கீழ நாத்தச் சுரப்பி இருக்கு. ரெண்டு பேருமே வேற வழியில்லாதப்பதான் அதைப் பயன்படுத்துவாங்க. ஸ்கங்க் முதல்ல காலால தரையைத் தட்டும், வாலைத் தூக்கிக் காட்டும், அப்பவும் நீங்க விலகலேன்னாதான் பீச்சும். மரநாயும் மூலையில் மாட்டினாத்தான் சீறும், நாத்தம் விடும். சும்மா இருக்கும்போது அதோட வாசனையே வேற. மலாய்க்காரங்க இதுக்கு முசாங் பாண்டான்னு பேர் வச்சிருக்காங்க. பாண்டான்ங்கறது நாம பிரியாணியில போடுற ரம்பை இலை. அதனால வீட்டில் நாறுதுன்னா பெரும்பாலும் அது மரநாயோட நாத்தம் இல்லை, மேல அது கட்டியிருக்கிற கக்கூஸோட நாத்தம். ஒரே இடத்தில் போய்ப் போய் இருக்கும். கொட்டை கொட்டையா கிடக்கும்.

எங்க பக்கம் இதுக்கு ரெண்டு வைத்தியம் சொல்றாங்க. ரெண்டையும் நான் எதிர்க்கிறேன்.

முதல் வைத்தியம், வாழைப்பழத்துல குருணை மருந்து. "ஒரு பழம் போதும் தம்பி, காலையில கதை முடிஞ்சிரும்"னு எதிர் வீட்டுப் பெரியவர் ரொம்ப சாதாரணமா சொன்னார். கதை முடியாதுங்க. மருந்து தின்னது கூரைக்குள்ளயே செத்தா, இருக்கிற நாத்தத்துக்கு மேல பத்து நாள் பிண நாத்தம். வெளியில் போய்ச் செத்தா தெருநாய், காக்கா எல்லாம் அதைத் தின்னும். பழம் கீழ விழுந்தா கோழி தின்னும். தெருவில் விளையாடுற குழந்தை கையில் கிடைச்சா? பெரியவர்கிட்ட அதைத்தான் கேட்டேன். வீட்டில் பேரப்புள்ளைங்க இருக்கிறவர். பதில் சொல்லலை, ஆனா மருந்தும் வைக்கலை.

ரெண்டாவது வைத்தியம்தான் நல்லவங்க செய்யுறது. கூண்டு வச்சுப் பிடிச்சு, காட்டில் கொண்டுபோய் விட்டு, ஒரு போட்டோவும் எடுத்துக்கறது. பார்க்கக் கருணையா இருக்கும். யோசிச்சுப் பாருங்க. நம்ம கூரையில் பொறந்து, நம்ம தெருவோட கொய்யாவும் சப்போட்டாவும் எலியும் தின்னு வளர்ந்தது அது. தெரியாத காட்டில், ஏற்கெனவே இன்னொண்ணு ஆண்டுக்கிட்டிருக்கிற எல்லைக்குள்ள, இறக்கி விட்டா என்ன ஆகும்? எங்க தண்ணி, எங்க ஒளியறதுன்னு தெரியாது. பிடிச்சது தாயா இருந்தா கூரைக்குள்ள குட்டிங்க பட்டினியில் சாகும். ஒரு ஈத்துல ரெண்டிலிருந்து அஞ்சு குட்டி வரைக்கும் போடும். இங்க காலியான ஓட்டைக்கோ அடுத்த மாசமே இன்னொரு மரநாய் வாடகைக்கு வந்துரும். அதாவது நாம செஞ்சது வெளியேத்தறது இல்லை, ஆள் மாத்தறது.

சட்டமும் இருக்கு. 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டைங்கற சொல்லுக்குள்ள கொல்றது மட்டும் இல்லை, பிடிக்கிறதும் கண்ணி வைக்கிறதும் அடங்கும். மரநாய் அந்தச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட பிராணி. அனுமதி இல்லாம கூண்டு வச்சா, நல்ல எண்ணத்தில் வச்சாலும் குத்தம்தான்.

பயத்தில் கொன்னு குவிச்ச கதையும் உலகத்தில் நடந்திருக்கு. 2003ல சார்ஸ் பரவினப்ப, சீனாவில் குவாங்டோங் சந்தைகளில் வித்த முகமூடி மரநாய்ங்க கிட்ட அந்த வைரஸ் இருந்ததைக் கண்டுபிடிச்சாங்க. 2004 ஜனவரியில் ஆயிரக்கணக்கில் கொல்ல உத்தரவு போட்டாங்க. அடுத்த வருஷமே, இந்த வகை வைரஸுக்குப் பூர்வீக வீடு வௌவால்னு ஆராய்ச்சியாளர்கள் சொன்னாங்க. கூண்டில் அடைச்சு நெரிசலா வித்த மனுஷனை விட்டுட்டு, கூண்டுக்குள்ள இருந்ததைத் தண்டிச்சோம்.

சரி, அப்ப என்னதான் பண்றதுங்கறீங்களா? இது வேட்டைக்காரன் வேலை இல்லை, கொத்தனார் வேலை.

1. எந்த வழியா வருதுன்னு பாருங்க. சந்தேகப்படுற இடங்கள்ல கோலமாவு தூவி வைங்க, காலையில் அஞ்சு விரல் தடம் பதிஞ்சிருக்கும். தலை நுழையுற ஓட்டை இருந்தா போதும், உடம்பு தானா நுழைஞ்சிரும்.

2. குட்டி இருக்கான்னு பாருங்க. பகலில் காதை வச்சுக் கேட்டா கீச்சுக்கீச்சுன்னு சத்தம் வரும். இருந்தா ரெண்டு மூணு மாசம் பொறுத்துக்குங்க. குட்டிங்க தாய் பின்னாடி வெளியில் போக ஆரம்பிச்ச பிறகுதான் மத்த வேலை. மிளகாய்ப் புகை, பாச்சை உருண்டை எல்லாம் வேண்டாம். குட்டிங்க உள்ளேயே மாட்டிக்கும், நாமளும் இருமிக்கிட்டு கிடப்போம்.

3. கூரையைத் தொடுற மாமரக் கிளை, முருங்கைக் கிளையைக் கழிச்சு விடுங்க. ஆறடியாவது இடைவெளி வேணும். தென்னை மரத்துல எலிக்குத் தகரம் சுத்துற மாதிரி சுத்திட்டா அந்த வழியும் அடைஞ்சுது.

4. ஒரு வழியை மட்டும் விட்டுட்டு மத்த ஓட்டையெல்லாம் வெல்டு மெஷ் வச்சு அடைங்க. தெர்மாக்கோல், சாக்கு எல்லாம் அதுக்கு பப்படம். மிச்ச ஒரு வழியில், மேல கீல் வச்சு வெளிப்பக்கமா மட்டும் திறக்கிற தகரக் கதவு ஒண்ணு தொங்க விடுங்க. உள்ள இருக்கிறது தள்ளிக்கிட்டு வெளியே போகும், திரும்ப உள்ள வர முடியாது. நாலஞ்சு ராத்திரி சத்தமே இல்லைன்னா அதையும் அடைச்சிருங்க.

5. அழைப்பிதழை நிறுத்துங்க. விழுந்த பழத்தைச் சாயங்காலமே பொறுக்கிருங்க. கோழியை ராத்திரி கூண்டில் அடைங்க. குப்பைத்தொட்டிக்கு மூடி போடுங்க.

6. மேல சுத்தம் பண்றப்ப மாஸ்க், கையுறை கட்டாயம். காய்ஞ்சதை அப்படியே பெருக்காதீங்க, பிளீச்சிங் பவுடர் தண்ணி தெளிச்சு நனைச்சு அள்ளுங்க. கையால பிடிக்கப் போய் கடி வாங்கினா, சோப்பு போட்டு பதினஞ்சு நிமிஷம் ஓடுற தண்ணியில் கழுவிட்டு நேரா அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் வெறிநாய்க்கடி ஊசி போட்டுக்குங்க. அடிபட்டு கிடந்தாலோ, கிணத்தில் விழுந்திருந்தாலோ வனத்துறைக்குச் சொல்லுங்க.

இவ்வளவு சிரமப்பட்டு அதைக் காப்பாத்தி என்ன ஆகப்போகுதுன்னு ஒருத்தர் கேட்டார். நியாயமான கேள்வி. மேற்குத் தொடர்ச்சி மலையில், களக்காடு முண்டந்துறையில் திவ்யா முடப்பா இதோட ஒண்ணுவிட்ட சொந்தமான பழுப்பு மரநாயை ஆராய்ச்சி பண்ணினாங்க. அது தின்னதுல பெரும்பகுதி காட்டுப் பழம். கொட்டையை முழுசா விழுங்கி, தூரமா போய் எச்சத்தில் போட்டுட்டு வரும். அதாவது சம்பளம் வாங்காம மரம் நடுற ஆள். நம்மூர் மரநாய்க்கும் அதே வேலைதான், கூட எலி பிடிக்கிற வேலையும். காபிக்கொட்டையைத் தின்னு போட்டதை லுவாக் காபின்னு ஏகப்பட்ட விலைக்குக் குடிக்கிறாங்க. அதுக்காகவே இதைக் கூண்டில் அடைச்சுப் பழம் திணிக்கிற கொடுமையும் நடக்குது.

எங்க ஊரைச் சுத்தி மாந்தோப்பு பல இடத்தில் பிளாட் ஆயிருச்சு. ரோட்டை அகலப்படுத்த மரங்க போச்சு. பழைய பொந்து மரம் போனப்புறம் அதுக்குத் தெரிஞ்ச அடுத்த பொந்து நம்ம ஃபால்ஸ் சீலிங்தான். அதுக்காக அதை வீட்டுக்குள்ள வச்சுக் கொஞ்சணும்னு நான் சொல்ல வரலை. என் வீட்டுக்குள்ள இருக்க அதுக்கு உரிமை இல்லை, ஒத்துக்கறேன். ஆனா என் வீட்டுக்கு வெளியில் உயிரோட இருக்க உரிமை இருக்கு. நம்ம எல்லை சுவரோட முடியுது. அந்தச் சுவரில் ஓட்டை இல்லாம பார்த்துக்கறது நம்ம பொறுப்பு.

புதுசா வீடு கட்டுறவங்க, ஓட்டுக்கும் சுவத்துக்கும் நடுவுல இருக்கிற இடுக்கைக் கட்டும்போதே வலை வச்சு மூடச் சொல்லுங்க. மேஸ்திரிக்கு அரை நாள் வேலை.

டிஸ்கி: உங்க ஊர்ப் பக்கம் இதுக்கு என்ன பேருன்னு பின்னூட்டத்தில் சொல்லிட்டுப் போங்க. அங்கயாவது நாய்னு சொல்லாம இருக்காங்களான்னு பார்ப்போம் :-)