தீவிரவாதத்தைத் தடுப்பது எது?

1953 செப்டம்பர் 15 அன்று கொச்சி மட்டாஞ்சேரியில் துறைமுகத் தொழிலாளர்கள் மீது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. அந்நாளில் ஒப்பந்தக்காரர்களின் ஆட்கள் உலோக வில்லைகளைக் கூட்டத்தின் நடுவே வீசியெறிவார்கள். முண்டியடித்து அதைக் கைப்பற்றியவனுக்கே அன்றைய வேலை. ‘சாப்பா’ எனப்பட்ட அந்த இழிமுறைக்கு எதிரான போராட்டத்தில் சைது, சைதலவி, அந்தோணி ஆகிய மூன்று தோழர்கள் உயிரீந்தனர். அவர்களின் சமயங்களைப் பெயர்களே சொல்லிவிடும். ஆனால் அவர்களை ஒரே அணியில் நிறுத்தியது சமயமன்று, பசியும் சங்கமுமே.

மட்டாஞ்சேரியை அடுத்த தோப்பும்படியின் மீன்பிடித் துறைமுகத்தில் இன்று குமரி மாவட்டத்து ஆழ்கடல் மீனவர்கள் மலையாளிகளோடு சேர்ந்து உழைக்கின்றனர். காயலுக்கு அக்கரையில் எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரி உள்ளது. 2018 ஜூலை 2 நள்ளிரவில் அங்கேதான் இந்திய மாணவர் சங்கத் தோழர் அபிமன்யு குத்திக் கொல்லப்பட்டார். இடுக்கி மாவட்டம் வட்டவடையின் ஏழைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த அவருக்கு வயது இருபது. புதிய மாணவர்களை வரவேற்கும் சுவரில், வகுப்புவாதம் ஒழியட்டும் என்று எழுதியதே அவர் செய்த ‘குற்றம்’. கேம்பஸ் ஃப்ரண்ட், பாப்புலர் ஃப்ரண்ட் அமைப்புகளைச் சேர்ந்தவர்கள் அவ்வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டனர். “நான் பெத்த மகனே” என்ற தாயின் கதறலைக் கேரளமே கேட்டது.

ஆகவே, மதத் தீவிரவாதம் என்பது ஆளும் வர்க்கத்தின் வெறும் கற்பனை என்று இடதுசாரிகள் சொல்ல இயலாது. அதன் கத்தி நம் தோழரின் நெஞ்சில் பாய்ந்திருக்கிறது. அதைத் தடுப்பதாகச் சொல்லி அரசு கையாளும் வழிகள் உண்மையில் அதைத் தடுக்கின்றனவா என்பதே கேள்வி.

ஒன்றிய உள்துறை அமைச்சகம் 2017இல் தீவிரமயமாதலைத் தடுப்பதற்கெனத் தனிப்பிரிவை அமைத்தது. நடைமுறையில் அரசின் கைக்கருவியாக இருப்பது 1967ஆம் ஆண்டின் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டமே (ஊபா). 2019ஆம் ஆண்டின் திருத்தம், விசாரணைக்கு முன்பே ஒரு தனிமனிதரைப் பயங்கரவாதி என்று அறிவிக்கும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. 2016 முதல் 2020 வரை இச்சட்டத்தில் குற்றஞ்சாட்டப்பட்டோர் 24,134 பேர். தண்டிக்கப்பட்டோர் 212 பேர். இவை நாடாளுமன்றத்தில் அரசே தந்த எண்கள். பிணை கிடைப்பதே அரிதான சட்டத்தில் விசாரணைக் காலமே தண்டனைக் காலமாகிவிடுகிறது. குற்றமற்ற ஒருவரைச் சிறையில் வாட்டும்போது, ‘இந்நாட்டில் உனக்கு நீதியில்லை’ என்று தீவிரவாதி செய்யும் பிரச்சாரத்துக்கு அரசே சான்று வழங்குகிறது.

தடைகளின் கதையும் இதுவே. இந்திய இஸ்லாமிய மாணவர் இயக்கம் (சிமி) 2001இல் தடை செய்யப்பட்டது. 2006இல் கேரளத்தின் தேசிய வளர்ச்சி முன்னணி, தமிழகத்தின் மனித நீதிப் பாசறை முதலியன இணைந்து பாப்புலர் ஃப்ரண்ட் உருவாயிற்று. சிமியின் முன்னாள் தலைவர்கள் அதன் நிறுவனர்களுள் இருந்தனர் என்று 2022 செப்டம்பர் 28இன் தடை அறிவிக்கையே கூறுகிறது. பெயர்ப்பலகை கழற்றப்பட்டது, கருத்து வேறு பலகையின் கீழ் வாழ்ந்தது. 1948இல் தடை செய்யப்பட்ட ஆர்.எஸ்.எஸ். இன்று ஆட்சியையே வழிநடத்துகிறது என்பதையும் மறக்கலாகாது.

அரசின் பாரபட்சம் இதனினும் கொடிய நஞ்சு. 2019 வரை ஐ.எஸ். அமைப்பில் சேர்ந்ததாக அறியப்பட்ட மலையாளிகள் 100 பேர் என்று 2021 செப்டம்பரில் முதல்வர் பினராயி விஜயன் தெரிவித்தார். ‘தி கேரளா ஸ்டோரி’ படத்தின் முன்னோட்டமோ 32,000 பெண்கள் என்றது. பின்னர் அந்த எண்ணிக்கை மூன்றாகச் சுருங்கியது. அந்தப் படத்திற்கு 2025இல் தேசிய விருது அறிவிக்கப்பட்டது. ஒரு கையால் தீவிரமயமாதலைத் தடுப்பதாகச் சொல்லி, மறு கையால் வெறுப்புக்கு மாலை சூட்டுகிற ஆட்சி இது.

சமயம் மாறினாலும் இந்த இயல்பு மாறுவதில்லை. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பின், இலங்கை அரசு 2021 மார்ச்சில் ‘தீவிரவாதச் சிந்தனை நீக்கம்’ என்ற பெயரில் விதிகளை வெளியிட்டது. விசாரணையின்றியே ஒருவரை ஈராண்டு வரை ‘மறுவாழ்வு’ மையத்தில் அடைத்து வைக்க அவை இடமளித்தன. உச்சநீதிமன்றம் அவற்றுக்கு இடைக்காலத் தடை விதிக்க நேர்ந்தது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கொடுமையை 1979 முதல் அனுபவித்த ஈழத் தமிழர்களுக்கு இந்த மொழி புதிதன்று.

இந்த விமர்சனத்தை நம் வீட்டு வாசலில் நிறுத்திவிடுவது நேர்மையாகாது. 2019 நவம்பரில், இடது ஜனநாயக முன்னணி ஆட்சியின்போதே, கோழிக்கோடு பந்தீரங்காவில் மார்க்சிஸ்ட் கட்சியைச் சேர்ந்த இரு மாணவர்களை மாவோயிஸ்ட் தொடர்பு கூறிக் கேரளக் காவல்துறை ஊபாவில் கைது செய்தது. வழக்கு பின்னர் தேசிய புலனாய்வு முகமையின் கைக்குச் சென்றது. தடை செய்யப்பட்ட அமைப்புடன் தொடர்போ ஆதரவோ மட்டும் குற்றமாகாது, அதன் செயல்களை முன்னெடுக்கும் நோக்கமும் வேண்டும் என்று 2021 அக்டோபரில் உச்சநீதிமன்றம் பிணை வழக்கில் தெளிவுபடுத்தியது. மாணவர்கள் தவறான அரசியலை நாடினால், அவர்களோடு வாதாடி மீட்பது கட்சியின் கடமை. அந்தக் கடமையைக் காவல்நிலையத்திடம் ஒப்படைக்கலாகாது. எதிர்த்து முழங்கும் சட்டத்தை நம் ஆட்சியில் பயன்படுத்த விட்டால், நம் முழக்கத்தை எவர் நம்புவார்?

பினராயி குறிப்பிட்ட அந்த 100 பேருள் 72 பேர் பிழைப்பு முதலிய காரணங்களுக்காக வெளிநாடு சென்ற பின் ஐ.எஸ். அமைப்பில் சேர்ந்தவர்கள். ஊரும் சங்கமும் உறவும் அற்ற தனிமையை வெறியர்கள் எளிதில் பயன்படுத்திக்கொள்ள முடியும் என்பதை இந்த எண் எண்ணிப் பார்க்கச் சொல்கிறது. தோப்பும்படியில் வந்திறங்கும் வெளியூர்த் தொழிலாளிக்கும் அதே தனிமை நேரலாம். அவன் மொழியில் பேசும் தோழர், அவன் கூலிக்காக நிற்கும் சங்கம், அவன் வந்தமரும் படிப்பகம் ஆகியவை இருந்தால், வெறியின் தரகன் அவனை நெருங்குவது கடினம்.

கொலை செய்தவனைச் சாதாரணக் குற்றவியல் சட்டமே, எச்சமயத்தவனாயினும், தண்டிக்கட்டும். ஊபா நீக்கப்பட வேண்டும் என்ற கோரிக்கையில் கட்சி தளரலாகாது. எஞ்சிய பணி கிளைகளுடையது. அபிமன்யு சுவரில் எழுதிய அந்தச் சொற்களை ஒவ்வொரு தெருவிலும் வாழ்க்கையாக்குவதே அப்பணி.