உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள்

ஏப்ரல் 14 நமக்குச் சித்திரை முதல் நாள். மாங்காய்ப் பச்சடி, பஞ்சாங்கம், அம்பேத்கர் சிலைக்கு மாலை என்று ஏற்கெனவே நிறைந்த நாள். பணியில் உயிர்நீத்த தீயணைப்பு வீரர்களுக்கான தீத்தொண்டு நாளும் அதுவே. நிலையத்தில் மலர்வளையம் வைப்பார்கள், அந்த வாரத்தில் பள்ளிகளில் செயல்விளக்கம் காட்டுவார்கள். நம் தொட்டியம் கடைவீதியில் அன்று இதைப் பற்றிப் பேச்சு எழுந்தால் ஆச்சரியம்தான்.

அந்தத் தேதி பம்பாய்த் துறைமுகத்திலிருந்து வந்தது. 1944இல் அதே நாளில் விக்டோரியா துறையில் நின்ற ஃபோர்ட் ஸ்டிகைன் என்ற கப்பலில் பஞ்சுப் பொதிகள் புகைந்தன. போர்க்காலம். அதே கப்பலில் ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருளும் இருந்தது. ஆபத்தான சரக்கு இருப்பதைக் காட்டும் சிவப்புக் கொடியை யாரும் ஏற்றவில்லை. மாலை நான்கு மணி தாண்டியதும் கப்பல் வெடித்தது. தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தவர்களில் 66 தீயணைப்பு வீரர்கள் மாண்டார்கள்.

அந்தக் கொடி இன்றைக்கும் ஏறவில்லை என்றே சொல்ல வேண்டும். 2012 ஜனவரியில் சென்னை எழிலகத்தின் பழைய மகாலில் தீ பிடித்தபோது கட்டடம் இடிந்து தீயணைப்பு வீரர் அன்பழகன் இறந்தார். அவருடன் உள்ளே போன அதிகாரி பிரியா ரவிச்சந்திரன் கடுமையான தீக்காயங்களோடு பிழைத்தார். 2017 ஜூலையில் கொடுங்கையூரில் பூட்டிக் கிடந்த பேக்கரிக்குள் கேஸ் சிலிண்டர் வெடித்து ஏகராஜ் இறந்தார். வேடிக்கை பார்க்க நின்ற பொதுமக்களும் காயப்பட்டார்கள். 2020 தீபாவளி நாளின் அதிகாலையில், மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடைத் தீயில் பழைய கட்டடம் சரிந்து சிவராஜனும் கிருஷ்ணமூர்த்தியும் இறந்தார்கள். நமக்குப் பக்கத்து மாவட்டமான பெரம்பலூரில், அதே ஆண்டு ஜூலையில், கிணற்றுக்குள் மாட்டியவர்களைத் தூக்க இறங்கிய ராஜ்குமாரைக் கொன்றது விஷவாயு. அங்கே தீயே இல்லை.

இவர்களைக் கொன்றது வெறும் தீ மட்டும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இடிந்த சுவர், வெடித்த சிலிண்டர், அடியில் தேங்கிய வாயு. சீனாவின் தியான்ஜின் துறைமுகக் கிடங்கு 2015 ஆகஸ்டில் வெடித்தபோது இறந்த 173 பேரில் 104 பேர் தீயணைப்புப் பணியாளர்கள். அங்கும் உள்ளே என்னென்ன ரசாயனம் அடுக்கியிருக்கிறது என்பது முதலில் போனவர்களுக்குத் தெரியாது. சுவர் நைந்திருப்பது கட்டடக்காரருக்குத் தெரியும். சிலிண்டர் எத்தனை என்பது கடைக்காரருக்குத் தெரியும். உள்ளே இறங்குகிறவருக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. ஆகவே இறந்தவருக்குச் செய்யும் முதல் மரியாதை, அடுத்து வருகிறவரிடம் உண்மையைச் சொல்வது.

காவிரிக்கரையில் வாழைத் தோட்டமும் கோரையும் வைக்கோல் போருமாக இருக்கும் நம் வட்டத்தில் இப்படி உண்மையைச் சொல்வது எப்படி இருக்கும்? கிணற்றில் வெடி வைத்தால் அதை மறைக்கக் கூடாது. கிணற்றுக் குழிக்குள் டீசல் எஞ்சின் ஓட்டியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. பெட்டிக்கடையில் கேனில் பெட்ரோல் விற்கிறவர், வீட்டு மாடியில் பட்டாசு அடுக்குகிறவர், கூரைக் கொட்டகையில் வயரைத் தொங்கவிடுகிறவர் எல்லாரும் நம்மவர்களே. புகார் கொடுக்கக் கூசும். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கம் கல்யாண மண்டபத் தீயில் 50 பேருக்கு மேல் செத்த மாவட்டம் இது. அந்தக் கூச்சம் நமக்குக் கட்டுப்படியாகாது.

தெரு விஷயம் இன்னும் சுலபம். மதுரகாளியம்மன் தேர் தோளேறி வரும் நாளில் கடைத் தட்டியைச் சுருட்டச் சொல்லி யாரும் நோட்டீஸ் கொடுப்பதில்லை. தீயணைப்பு வண்டிக்கு அந்த அகலத்தை வருஷம் முழுக்க விட்டுவைக்கலாமே. வண்டி வந்ததும் செல்போனைத் தூக்கிக்கொண்டு சுற்றி நிற்பதையும் விட்டாக வேண்டும். "வண்டி லேட்டு" என்று திட்டுகிறவர்களில் பாதிப் பேர் வழியை மறித்து நிற்கிறவர்கள்.

இதைச் சொன்னதால் அரசு தப்பிவிட முடியாது. மூச்சுக்கருவியும் வாயுவை அளக்கும் கருவியும் சென்னைக்கு மட்டுமல்ல, கிணறுகள் நிறைந்த ஒன்றியங்களின் நிலையங்களுக்கும் வேண்டும். கதண்டு கூட்டை அழிப்பதற்கும், பாம்பைப் பிடிப்பதற்கும், ஆற்றில் போனவரைத் தேடுவதற்கும் நாம் கூப்பிடுவது இவர்களைத்தான். இறந்த பிறகு நிவாரணம் அறிவிப்பதைவிட, முன்பே அந்தக் கருவிகளைக் கொடுப்பது மேல். இதில் எந்தக் கட்சிக்கும் மாற்றுக் கருத்து இருக்க நியாயமில்லை.

மே 1 அன்று ஊராட்சிகளில் கிராம சபை கூடும். ஆழக் கிணறு, மூடாத ஆழ்துளைக் குழி, கிடங்கு, பழைய கட்டடம், வண்டி நுழையாத சந்து என்று வார்டு வாரியாக ஒரு பட்டியல் எழுதி, தீர்மானமாக நிறைவேற்றி, பக்கத்துத் தீயணைப்பு நிலையத்துக்கு அனுப்பலாம். தொட்டியம், காட்டுப்புத்தூர் பேரூராட்சிகள் தங்கள் மன்றக் கூட்டத்தில் இதைச் செய்யலாம். தீத்தொண்டு நாளுக்கும் மே 1க்கும் இடையே 17 நாள் இருக்கிறது. ஒரு நோட்டுப் புத்தகமும், தெருவுக்கு ஒருவரும் போதும்.